வியாழக்கிழமைச் சம்பளம்

வெளிமாநிலத்தில் நாங்கள் குடியிருந்த நிக்டியில் எங்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை. எங்கள் வீட்டில் மட்டும் அம்மாவுக்கு வியாழன். அவள் கணக்கு எழுதிய பட்டறை இருந்த தொழிற்பேட்டைக்கே வியாழன்தான் வார விடுமுறை. ஞாயிறன்று எனக்குப் பள்ளி இருக்காது, அவளுக்கு வேலை இருக்கும். அதனால் நானும் கூடவே போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன்.

மாதக் கடைசியில் வருகைப் பதிவேடு எங்கள் வீட்டுக்கு வரும். நான் வாசிக்க வாசிக்க அம்மா போனில் கணக்குப் போடுவாள். மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து, வந்த நாள்களோடு வார விடுமுறைகளையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். அதில் ஒரு பொல்லாத விதி உண்டு. புதனும் வெள்ளியும் ஒருவர் வராவிட்டால், நடுவில் மாட்டிக்கொண்ட வியாழனும் ஆப்சென்ட்! மற்றவர்களுக்கு வெட்டியபோதெல்லாம் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

நான்காம் வகுப்பில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா புதனும் வெள்ளியும் போகவில்லை. அந்த மாதம் தன் பெயருக்கு நேரே அவள் மூன்று நாளை வெட்டக் கணக்குப் போட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காய்ச்சல் எனக்கு, அபராதம் அவளுக்கா?

“எனக்கும் வெட்டித்தான் ஆகோணும் கண்ணு. மத்தவங்களுக்கு வெட்டறதில்லியா?” என்றாள்.

நான் விடுவதாக இல்லை. ஞாயிறன்று பட்டறையில் அம்மா தடுப்பதற்குள் முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்: “வியாழக்கிழமை கேட்டே பூட்டியிருக்கும். அம்மா வந்திருந்தா யாரு திறந்திருப்பாங்க?”  பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரவில்லை.

முதலாளி சிரித்துவிட்டார். “சரி மேடம், உங்க வியாழனை மட்டும் சேர்த்துக்கோங்க,” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா பேனாவை எடுக்கவே இல்லை. “இந்த மாசம் என்னோட சேர்த்து நாலு பேருக்கு வியாழன் போயிருக்கு சார். சேர்க்கறதுன்னா நாலு பேருக்கும் சேர்க்கறேன். இல்லாட்டி எனக்கும் வேண்டாம்.”

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. வெட்டச் சொன்னார். அங்கேயே, அவர் கண்ணெதிரே, அம்மா தன் வியாழனை வெட்டினாள்.

அந்த அறைக்கும் மெஷின்களுக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான்; பேசுவது அப்படியே கேட்கும். நாங்கள் வெளியே வந்தபோது லேத்தில் நின்றவர் மெஷினை அணைத்துவிட்டு ஒரு ஸ்டூலை அம்மாவுக்கு இழுத்துப் போட்டார். இன்னொருவர் தமக்கு வந்த கட்டிங் சாய் டம்ளரை அவள் கையில் கொடுத்தார்.  அம்மா நிதானமாக ருசித்துக் குடித்தாள்.

 தானாக வந்த சம்பளத்தை வேண்டாமென்றுவிட்டு அரை டம்ளர் டீயை இத்தனை சந்தோஷமாகக் குடிக்கிற அம்மாவுக்குக் கணக்கே தெரியாது என்று அன்று முடிவு கட்டினேன்.