மண்டபத்தூரில் இறங்காத இருவர்

மனிதர்களைத் தவிர்த்தே பழகிவிட்ட எனக்கு, தினமும் ஒருவரிடமாவது வாய் திறக்க வேண்டும் என்று மனநல ஆலோசகர் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

இன்று பஸ்ஸில் போகும்போது நான் இறங்க வேண்டிய மண்டபத்தூர் வந்தது. "இறங்கணும்" என்று குரல் கொடுத்தால் கண்டக்டர் விசில் அடிப்பார். மொத்தப் பஸ்ஸும் திரும்பிப் பார்க்குமே என்று எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்து சீட்காரர் பையைத் தூக்கி மடியில் வைத்திருந்தார். அவர் சொல்வார், கூடவே இறங்கிவிடலாம் என்றிருந்தேன்.

பஸ் நிற்காமல் போனது. அடுத்த ஸ்டாப்பில்தான் இருவரும் இறங்கினோம்.

"மண்டபத்தூருங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"நீங்க சொல்லுவீங்கன்னுல்ல உக்காந்திருந்தேன்."

திரும்பி நடந்தோம். பின்னால் காலி ஆட்டோ வந்தது. கை காட்டுவது யார் என்று ஒருவரையொருவர் பார்த்தோம். ஆட்டோ போய்விட்டது.

முதல் கமெண்டை வேறு யாராவது போடட்டும் என்று நீங்களும் உட்கார்ந்திருக்காதீர்கள்.