மேட்டுக்குப் பழைய தட்டு

பிள்ளைகளே, தட்டு என்றதும் உங்களுக்குச் சோற்றுத் தட்டுதான் ஞாபகம் வரும். நான் சொல்வது பிளாஸ்டிக்கில் செய்த விளையாட்டுத் தட்டு. ஒரு கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும், அதன் கீழே கூடை இருக்கும். தூரத்தில் நின்று எறிந்து, யார் குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறார்களோ அவர்களே ஜெயித்தவர்கள். டிஸ்க் கோல்ஃப் என்று பேர். ஏலகிரியில் ஒரு ரிசார்ட்டுக்காரர் மலைச்சரிவு நெடுக இந்தக் கூடைகளை நட்டிருந்தார். என் பெரிய மகள் அங்கேதான் எறியப் பழகினாள்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிவந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். என் மனைவியும் அதே வேனில்தான் வருவாள். அவளுக்கு ஃபினிஷிங்கில், தைத்து வந்த ஷூவின் ஓரத்துக்குச் சாயம் பூசி மெருகு போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை வேன் ஏலகிரிக்குச் சவாரி போகும். மகளும் கூட வந்து, விருந்தாளிகள் எறிந்த தட்டுகளைப் புதரில் தேடி எடுத்துக் கொடுப்பாள். அப்படித்தான் பழக்கம் ஆனது.

அவள் பன்னிரண்டாவது முடித்த வருஷம் அந்த ரிசார்ட்டில் ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற பெண்ணுக்கு, வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை, தங்க இடத்தோடு. தோற்றால் அவளும் அம்மாவோடு ஃபினிஷிங்குக்குப் போக வேண்டியதுதான். கம்பெனியில் சொல்லியும் வைத்தாயிற்று. பசை வாடையிலும் சாய வாடையிலும் நின்று நின்று என் மனைவிக்கு எந்த வாசனையும் தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறது. குழம்பு கருகினால்கூட நாங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "நான் அங்க வரமாட்டேம்மா" என்று மகள் ஒரே ஒரு தரம்தான் சொன்னாள்.

மகளிடம் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று யாரோ விருந்தாளி வேண்டாமென்று விட்டுப்போனது. லேசானது, பாறையில் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும். இன்னொன்று ரிசார்ட்டில் கொடுத்த புதுசு. கனமாக, விறைப்பாக இருக்கும்.

"புதுசு இருக்கச் சொல்ல இத்த இன்னாத்துக்கு வச்சிக்கினு இருக்கே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நைனா, மலை ஏறச் சொல்ல வண்டி மேல மூட்டை ஜாஸ்தி ஏத்துனா இன்னா சொல்லுவே?"

"இழுக்காது, எறக்குடாம்பேன்."

"தட்டும் அத்தே மாதிரிதான். மேட்டுக்கு எறிஞ்சா வேகம் சீக்கிரம் செத்துடும். வேகம் செத்தா புதுசு இடது பக்கம் சாஞ்சிடும். சாஞ்சி ஓரத்துல வுழுந்துச்சின்னு வையி, சக்கரம் மாதிரி உருண்டு நம்ம காலுக்கே வந்துடும். பழசு அடிபட்டு லொடலொடன்னு ஆயிட்டுது இல்ல, அது வலது பக்கம் போவப் பாக்கும். அந்த இழுப்பும் இந்தச் சாய்வும் சரிக்குச் சரியா போய்டும். நேரா மேல ஏறும்."

"அப்ப பள்ளத்துக்கு?"

"பள்ளத்துல ரொம்ப நேரம் மிதக்கும். பழச எறிஞ்சா காத்து தூக்கிக்கினு போய் வலது பக்கம் எங்கனா போட்டுடும். அங்க கனமா, விறைப்பா இருக்கிறதுதான் சொன்ன பேச்சு கேக்கும். அதுவும் தாழ எறியணும்."

சொன்னபடியே எறிந்தும் காட்டினாள். உங்களுக்கும் எங்காவது ஒரு சரிவு கிடைத்தால் இதை ஞாபகம் வையுங்கள்: மேட்டுக்குப் பழசு, பள்ளத்துக்குப் புதுசு. இடது கையால் எறிகிறவர்களுக்கு மட்டும் பக்கங்கள் மாறும்.

போட்டிக்கு முந்தின நாள் கம்பெனியில் ஆயுத பூஜை. கத்தரி, சுத்தியல், பிரஷ் என்று அவரவர் தொழில் செய்கிற சாமானைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நான் வேனைக் கழுவினேன். மனைவி தட்டுகள் இரண்டையும் எடுத்துப்போனாள். "பொட்டு வச்சிக் குடும்மா" என்று மகளேதான் கொடுத்தனுப்பினாள்.

ஃபினிஷிங் பெண்களின் கண் எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். ஓரம் பிசிறடித்த ஷூ அவர்கள் மேசையைத் தாண்டிப் போகாது. அந்தப் பழைய தட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. பஃபிங் சக்கரத்தில் ஓரத்தை வழவழவென்று தேய்த்தார்கள். அதன்மேல் ஷூ ஓரத்துக்குப் பூசுகிற சாயத்தைக் காயக் காயப் பூசி, மெருகும் போட்டார்கள். ஷூவைச் சுற்றுகிற மெல்லிய காகிதத்தில் சுற்றி என் மனைவி அதை வேனுக்குக் கொண்டுவந்தாள். அது சீட்டுக்கு சீட்டு கைமாறியது.

"இன்னாக்கா, எக்ஸ்போர்ட் பீஸா?"

"பின்ன? நம்ம பொண்ணு எட்த்துக்கினு போறது ரிஜெக்ட் மாதிரி இருந்தா நமக்குத்தானே அசிங்கம்?"

வீட்டில் மகள் காகிதத்தைப் பிரித்து, ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவினாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கீதும்மா" என்றாள் மகள்.

மறுநாள் மலையில் நடுவர் எல்லாருடைய தட்டுகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். இவளுடைய பழைய தட்டைக் கையில் வாங்கியதும் நின்றுவிட்டார்.

"இது மேல ஏதோ பூசியிருக்கீங்க. செல்லாதும்மா."

"சொரண்டி எடுத்துர்றேன் சார்" என்றாள் என் மனைவி.

"எடுத்தாலும், ஓரத்தைத் தேய்ச்சிருக்கீங்களேம்மா. எறிஞ்சு தானா தேஞ்சாத்தான் செல்லும். நான் என்ன பண்றது?"

அப்படியும் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாள். மழையில் நனைந்தாலும் உரியாத மாதிரி பூசுவதுதான் அவர்கள் வேலை. உரியவில்லை. இரவல் கேட்கலாமென்று ரிசார்ட் அலமாரியைத் திறந்து பார்த்தோம். போட்டிக்காக எல்லாமே புதிதாக வாங்கி அடுக்கியிருந்தார்கள். ஒன்றுகூட அடிபட்டதாக இல்லை.

பள்ளத்துக் கூடைகளில் மகள் நன்றாகவே போட்டாள். கடைசிக் கூடை மேட்டு உச்சியில். அதுவரை அவளும் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் சமம். அந்தப் பெண்ணின் தட்டு பழசு. அது நேராக ஏறிக் கூடைக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

மகள் புதுத் தட்டை எறிந்தாள். பாதி மேடு நன்றாகத்தான் போனது. அப்புறம் வேகம் செத்தது. இடது பக்கம் சாய்ந்தது, ஓரத்தில் விழுந்து உருள ஆரம்பித்தது. அவள் சொல்லியிருந்தாளே, அப்படியே உருண்டு வந்து அம்மா உட்கார்ந்திருந்த கல்லில் மோதி நின்றது.

எல்லாம் முடிந்ததும், "வண்டிய எடு நைனா" என்றாள்.

இறக்கத்தில் வளைவுக்கு வளைவு கியரைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பின்சீட்டில் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வுடும்மா. கலரு சூப்பரா இருந்துச்சு" என்று மகள் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

கம்பெனி திறந்த அன்று காலையில் வேனில் ஃபினிஷிங் பெண்கள் அம்மா பக்கத்திலேயே அவளுக்கும் சீட்டு பிடித்து வைத்திருந்தார்கள். "தட்டு நல்லா பறந்துச்சா கண்ணு?" என்று ஒருத்தி கேட்டாள். "பறந்துச்சுக்கா" என்றாள் மகள். அந்தத் தட்டு செல்லாமல் போனதை இன்றுவரை நாங்கள் மூன்று பேரும் அவர்களிடம் சொல்லவில்லை.

நாலைந்து வருஷமாக அவளுக்கும் ஓரம் பூசுகிற வேலைதான். அவள் பூசினது திரும்பி வருவதே இல்லையாம், மேஸ்திரி சொல்கிறார். ஏலகிரிச் சவாரி வந்தால் நான் மட்டும் போய் வருகிறேன்.

போன வாரம் சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களை விட்டுவிட்டு வந்து வேனிலிருந்து இறங்கும்போதே எனக்கு வாடை அடித்துவிட்டது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"இன்னா நைனா?" என்று திரும்பிப் பார்த்தாள்.