ஒன்பது மணி ஆகட்டும் என்றேன்

அன்று திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ராகு காலம்ங்க, ஒன்பது மணி ஆகட்டும்" என்று திருநீறு பூசிக் காத்திருக்க வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். கபாலி சாமிக்குக் கைகூப்பினேன். சற்று நேரத்தில் அவருடைய இதயம் தடுமாறியது.

"அடைப்புதான் எடுத்தாச்சே, டாக்டர்?"

"பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்பிப் பாயும்போது ஃப்ரீ ராடிக்கல்னு கெட்ட துகள்கள் கிளம்பும்மா. அதுவும் தசையைக் காயப்படுத்தும். எவ்வளவு லேட்டோ, அவ்வளவு சேதம். ஏன் உடனே வரல?"

விரலில் ஒட்டியிருந்த திருநீற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

இப்போது மாடவீதியில் நாலு எட்டு வைத்தாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பார்ப்பவர்களிடமெல்லாம், "நல்ல வேளை, இவ ராகு காலம் கழிச்சுக் கூட்டிட்டுப் போனா. அதான் பொழைச்சேன்" என்கிறார்.

சாமியிடம் உண்மையைச் சொல்லி அழுதுவிட்டேன். அவரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.