புதுநன்மைக் கவுன்

சாம்பிராணிப் புகையும் கஞ்சி போட்ட துணி வாசமும் கலந்து வரும்...

ராமநாதபுரம் ஊர் முடிகிற இடத்தில் இருந்த எங்கள் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் அந்த வாசம் வந்தால், அன்றைக்குப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று அர்த்தம்.

மாதா கோயிலை ஒட்டி ஓலைக்கொட்டகை போட்டு சிஸ்டர்மார் ஆரம்பித்த பள்ளி அது. நான் சேரும்போது ஓடு வேய்ந்திருந்தார்கள். மழை பெய்தால் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்காருவோம்.

வேதக்காரப் பிள்ளைகள் மறைக்கல்விக்குக் கோயிலுக்குள் போவார்கள். மற்றவர்களுக்கு அந்த நேரம் நன்னெறி வகுப்பு. பொறாமைப்படக் கூடாது என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருப்பார். என் கண் கோயில் வாசலிலேயே இருக்கும்.

ஜெசிந்தா என் பக்கத்து இடம். மாரியூர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். இவள் மடத்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அந்த வருடம் அவளுக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி... அப்படியே படியிறங்கி வந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே.

அதேபோல் ஒன்று வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தேன். அய்யா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"பொட்டப்புள்ளைக்கு வெள்ளையா? நம்ம வீட்ல ஆகாது."

இப்போது அந்தப் பள்ளியில் மூன்று மாடிக் கட்டடம், ஸ்மார்ட் கிளாஸ், டை கட்டிய பிள்ளைகள். புதுநன்மைக் கவுன் எடுக்க மதுரைக்கே போகிறார்களாம். பள்ளியின் வரலாற்றை மலராகப் போடப்போகிறார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பழைய போட்டோ வந்தது. வரிசையாக வெள்ளைக் கவுன்கள், நடுவில் ஜெசிந்தா.

இந்த வயதிலும் அதே எரிச்சல்! போன் போட்டு அவளிடமே சொல்லிவிட்டேன். சிரித்தாள்.

"அது என் கவுன்னு நெனச்சியாக்கும்? மடத்துப் பெட்டியில இருந்து சிஸ்டர் எடுத்துக் குடுத்ததுடி. போட்டோ எடுத்ததும் கழட்டிக் குடுத்துட்டேன். அடுத்த வருசப் பிள்ளைக்கு வேணும்ல."

பிறகு சொன்னாள்.

"தீவாளிக்கு மறுநா நீ பச்சப் பாவாடை கட்டிட்டு வருவ. சாயங்காலம் அதோடயே வீட்டுக்குப் போவ. நான் ஹாஸ்டல் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."



போனை வைத்தபின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவுன் அவள் தோளில் தொளதொளவென்றுதான் தொங்குகிறது.

இருந்தாலும் சொல்கிறேன்... அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம்.