ஹொல்ம்லியா புஷ்பமலரும் இழப்பீட்டுத் தீர்மானமும்

ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் கட்சிக் கூட்டம் என்றால் புஷ்பமலர் வந்துவிடுவாள். தேர்தல் காலத்தில் ரயில் நிலைய வாசலில் மழையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பாள். மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டுவாள். மேடையில் ஏறிப் பேசச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவாள். கிளையில் இருந்தவர்கள் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் கட்சிக்கு வந்தது ஒரு சாப்பாட்டு மேசையால். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்து, நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கறி மணம் தாங்க முடியவில்லை என்று சொல்லித் தமிழ்ப் பெண்களுக்கு மேற்பார்வையாளன் தனி மேசை போட்டுவிட்டான். தனி இடம் புஷ்பமலருக்குப் புதிதல்ல, அதனால் பேசாமல் போய் இருந்தாள். மூன்றாம் நாள் தொழிற்சங்கத்துப் பெண் ஒருத்தி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அடுத்த வாரம் தனி மேசை இல்லை. இந்த நாட்டில் ஒரு அநியாயத்தை ஒருவர் எழும்பிச் சொன்னால் அது நிற்கும் என்று அன்று அவள் நம்பினாள்; அந்தப் பெண்ணின் கட்சியிலும் சேர்ந்தாள். அங்கேயே யோகராசாவைக் கட்டி, பின்பு ஒஸ்லோவுக்கு வந்து, மோர்டென்ஸ்ருட்டில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை எடுத்து, மகன் கீர்த்திகனைத் துரொண்ட்ஹெய்முக்குப் படிக்க அனுப்பும்வரை அந்த நம்பிக்கை குறையவில்லை.

கிளையின் தலைவி கரோலினா. சிலியிலிருந்து அகதியாக வந்தவர்களின் மகள். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிப்பவள். ஒரு மாரிகாலக் கூட்டத்தில் அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே அரசின் கீழ் இருந்த காலத்தில், மேற்கு ஆபிரிக்காவில் மனிதர்களைப் பிடித்துக் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்ற கப்பல்களில் நோர்வே மாலுமிகளும் இருந்தார்கள். அப்படி ஒரு கப்பல் நோர்வேயின் அறெண்டால் கரையோரம் மூழ்கியும் போனது. பின்பு அடிமைகளை விடுவித்தபோது டென்மார்க் அரசு இழப்பீடு கொடுத்தது உண்மைதான். ஆனால் அது உடைமைக்காரருக்குப் போனது; அடிமையாக இருந்தவருக்கு ஒரு சதமும் இல்லை. ஆகவே நோர்வே அரசு தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டு, அந்தத் தீவுகளில் இருக்கும் வழித்தோன்றல்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதுதான் தீர்மானம்.

வயதான உறுப்பினர் ஒருவர், அது டென்மார்க்காரன் செய்தது, நாங்கள் அப்போது அவனுக்குக் கீழே இருந்தவர்கள் என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள். அப்போது புஷ்பமலரின் கை உயர்ந்தது.

அவள் நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னாள். தன் ஊரில் ஒரு பெரிய வீடு இருந்தது. தன் தாயின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டின் அடிமைகள். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களை வாங்கினார்கள், விற்றார்கள். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு அடிமைத்தனத்தை ஒழித்தான். வேலை மட்டும் ஒழியவில்லை. அந்த வீட்டில் கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் அம்மா பின்பக்கப் படலையால் போய் மாடுபோல உழைத்துவிட்டு, முற்றத்து மூலையில் குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணி குடிப்பாள். இது ஏன் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, அதெல்லாம் ஒல்லாந்தர் கொண்டுவந்த பழக்கம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

"எல்லாரும் இன்னொருவரைத்தான் காட்டுகிறார்கள்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

இத்தனை சுலபமாகச் சொல்ல முடிந்ததே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. நோர்வேஜிய மொழியில் அடிமை என்பது வெறும் ஒரு சொல். தமிழில் சொல்லப் போனால் கூடவே சாதிப் பெயரும் வரும், ஊர்ப் பெயரும் வரும், கேட்பவர்களின் முகமும் மாறும். தீர்மானம் கிளையில் நிறைவேறியது. கட்சியின் ஒஸ்லோ நகர ஆண்டுக் கூட்டத்துக்குப் பேராளராக அவளையும் தெரிவுசெய்தார்கள்.

யோகராசாவுக்கு இது பிடிக்கவில்லை. அவனும் அவளைப் போன்ற குடும்பம்தான். ஒஸ்லோவில் யாராவது ஊரில் எவடம் என்று கேட்டால், இருவரும் பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்லித்தான் இத்தனை காலமும் சமாளித்து வந்தார்கள்.

"இவ்வளவு காலமும் மூடி வைச்சிருந்ததை நீ ஏன் போய்த் திறந்தனீ?" என்றான்.

வெள்ளைக்காரருக்குத்தானே சொன்னேன் என்றாள் அவள்.

ஆனால் கட்சியில் தமிழரும் இருந்தார்கள். சிவானந்தன் பொறியியலாளன். அழகாக நோர்வேஜியம் பேசுவான். நகரசபைத் தேர்தலுக்கு வேட்பாளராக வேண்டும் என்று ஓடித்திரிந்தவன். அந்தப் பெரிய வீட்டின் பேரனும் அவன்தான். இது இருவருக்கும் தெரியும். கோயில் திருவிழாவிலும் கலியாண வீடுகளிலும் கண்டு சிரித்துக்கொள்வார்களே தவிர, ஊர்க்கதை ஒருநாளும் எடுத்ததில்லை.

அவள் கிளையில் பேசியது காதில் விழுந்து, ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். புஷ்பமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கி, கதைத்துக்கொண்டே மிச்சம் விடாமல் குடித்தான். அதைக் கண்டு அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அப்படிச் சந்தோஷம் வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

தீர்மானத்தை முழுமனதோடு ஆதரிப்பதாகச் சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, ஆண்டுக் கூட்டத்திலை எங்கடை ஊர்க்கதையை எடுக்காதேங்கோ. எதிர்க்கிற ஆக்கள் அதைத்தான் பிடிப்பினம். பாருங்கோ, எல்லாச் சனமும் அடிமை வைச்சிருந்தவைதான், பிறகென்ன இழப்பீடு எண்டு கேட்பினம். தீர்மானமே விழுந்துபோம்."

அவள் யோசித்துப் பார்த்தாள். சொன்னதில் நியாயம் இருந்தது. கிளையில் கதைத்த அந்தக் கிழவனே அப்படிக் கேட்கக் கூடியவன்தான்.

"அப்ப எங்கடை கதை?" என்று கேட்டாள்.

"அதை எங்கடை ஆக்களுக்குள்ளை கதைப்பம் அக்கா. இது முடியட்டும். நானே ஒரு கூட்டம் வைக்கிறன்."

அவள் ஓம் என்றாள். தெரியாத தீவுகளில் இருக்கும் தெரியாத சனங்களுக்காகத் தன் கதையை விட்டுக்கொடுப்பது ஒருவகையில் பெருமையாகவும் இருந்தது.

ஆண்டுக் கூட்டம் நகர மத்தியில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. தீர்மானம் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வந்தது. கரோலினா நன்றாகப் பேசினாள். அடுத்துப் புஷ்பமலர் ஏறினாள். சொல்ல இருந்ததை விட்டுவிட்டதால் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. அநியாயத்தை அநியாயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொண்டால் ஈடு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

பிறகு நகரக் கமிட்டியின் சார்பில் ஒருவர் எழும்பினார். இழப்பீடு என்ற சொல் கட்சியைப் பிளக்கும் என்றார். அந்தக் காலத்து அரசன் அனுப்பிய கப்பலுக்கு, நேற்று அகதியாக வந்து இன்று ஹொல்ம்லியாவில் வரி கட்டும் இந்த அம்மா ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று அன்போடு புஷ்பமலரைக் கைகாட்டிக் கேட்டார். மன்னிப்பையும் இழப்பீட்டையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'அறிவை வளர்ப்போம், உரையாடுவோம்' என்று போடுவதுதான் கமிட்டி வைத்த சமரசம்.

சிவானந்தன் பேசப் பெயர் கொடுத்திருந்தான். இனி இவன் கமிட்டியை மறுத்துப் பேசுவான் என்று புஷ்பமலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் நல்ல கறுத்தக் கோட்டுப் போட்டு, தாளில்லாமல் பேசினான். "என் சொந்தச் சனத்துக்குள்ளும் அடிமைகள் இருந்தார்கள்" என்று தொடங்கினான். "என் முன்னோர் அடிமை வைத்திருந்தவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த அடிமைகளின் வழித்தோன்றல் ஒருவர் இன்று இதே மண்டபத்தில், இதே கட்சியில், என் தோழியாக இருக்கிறார். போன மாதம் அவர் வீட்டில் தேநீர் குடித்தேன். அவர் என்னிடம் இழப்பீடு கேட்கவில்லை. நாங்கள் பேசினோம், ஒருவரை ஒருவர் மன்னித்தோம். காயம் ஆறுவது அப்படித்தான். கமிட்டியின் சமரசத்தை ஆதரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் சேலை கட்டியிருந்த பெண் அவள் ஒருத்திதான். பக்கத்து மேசைகளிலிருந்து முகங்கள் திரும்பி அவளைக் கனிவோடு பார்த்தன.

அவள் பேராளர் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். பேசுவோர் வரிசைக்குக் கோடு போட்டாயிற்று, இனிப் புதுப் பெயர் எடுக்க முடியாது என்றாள் தலைமை தாங்கியவள். புஷ்பமலர் அட்டையை இறக்கவில்லை. தலைமை இன்னொரு முறை, கொஞ்சம் சிரித்தபடி, விதியை விளங்கப்படுத்தினாள். கரோலினா அவள் முழங்கையைத் தொட்டு இருக்கச் சொன்னாள். வாக்கெடுப்பில் சமரசம் பெரும்பான்மையோடு வென்றது. எதிர்த்து உயர்ந்த சில அட்டைகளில் ஒன்று புஷ்பமலருடையது.

வெளியே வாசலில் சேறும் பனியுமாக இருந்தது. சிவானந்தன் யாரோடோ கைகுலுக்கிவிட்டுத் திரும்பியபோது அவள் முன்னால் போய் நின்றாள்.

"என்னைச் சொல்ல வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நீங்கள் ஏன் சொன்னனீங்கள்?"

"நான் பேர் சொல்லேல்லையே அக்கா. எப்பிடியும் இழப்பீடு விழத்தான் போகுது, இதாவது நிறைவேறட்டும் எண்டுதான்."

"உங்கடை அப்பப்பா வீட்டு முற்றத்திலை எங்கடை அம்மா சிரட்டையிலை குடிச்சவ. அதை நாங்கள் மன்னிச்சமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வாழ்நாளில் முதல்முறை அவள் இதைத் தமிழில் சொன்னாள். சிவானந்தன் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இதுகளை ரோட்டிலை நிண்டு கதைக்காதேங்கோ அக்கா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அவன் பேச்சின் காணொளியைக் கட்சி இணையத்தில் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்த வசந்தத்தில் வேட்பாளர் பட்டியலில் அவனுக்கு நல்ல இடம் கிடைத்தது. ஹொல்ம்லியாவில் அந்தத் 'தோழி' யார் என்று கண்டுபிடிப்பது தமிழ்ச் சனத்துக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பொங்குவது வழக்கம். பானை எப்போதும் புஷ்பமலர் பொறுப்பு. அந்த வருடம் அவள் போனபோது வேறு இரண்டு பெண்கள் அடுப்படியில் நின்றார்கள். "நீங்கள் எத்தினை வருஷமாக் கஷ்டப்பட்டனீங்கள் அக்கா, இந்தமுறை ஆறுதலா இருங்கோ" என்று ஒருத்தி கதிரை இழுத்துப் போட்டாள். குரலில் ஒரு குறையும் இல்லை. புஷ்பமலர் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. சருவச்சட்டியில் கழுவி வைத்திருந்த அரிசியை எடுத்துத் தானே பானையில் போட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. பொங்கி முடிந்து பரிமாறியபோது, முன்வரிசையில் பாதிப்பேர் வயிறு சரியில்லை என்றார்கள். யோகராசா தன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்கும்படி இன்னும் கொஞ்சம் போடு என்றான். சிவானந்தன் வைப்பதாகச் சொன்ன கூட்டத்தை அவன் வைக்கவும் இல்லை.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் அவள் தானே ஒரு தீர்மானம் எழுதிக் கிளைக்குக் கொண்டுபோனாள். மன்னிப்பு, இழப்பீடு என்ற இரண்டு சொற்களையும் திரும்பப் போட்டிருந்தாள். மன்னிப்பதா இல்லையா என்பதை இழந்தவர்தான் சொல்ல வேண்டும், மற்றவர் சொல்லக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். எழுத்துப் பிழைகளைக் கீர்த்திகன் தொலைபேசியில் திருத்திக் கொடுத்தான்.

கரோலினா அதற்குள், சமரசத்தின்படி கட்சி அமைத்த அறிவு வளர்ப்புக் குழுவில் உறுப்பினர் ஆகியிருந்தாள். நூலகத்தில் ஒரு கண்காட்சி, பள்ளிகளுக்கு ஒரு கையேடு என்று குழு வேலை செய்துகொண்டிருந்தது. தீர்மானம் அருமையானது, ஆனால் இதற்கு இது நேரமில்லை, தேர்தல் வருகிறது என்று அவள் வருத்தத்தோடு விளக்கினாள். கண்காட்சித் திறப்பு விழாவில் புஷ்பமலர் தன் கதையைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டாள்.

"கதை சொல்ல மாட்டேன். வாக்கெடுப்பு வையுங்கள்" என்றாள் புஷ்பமலர்.

வைத்தார்கள். உயர்ந்தது அவள் கை மட்டும்தான். கரோலினா குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. வரப்போகும் மாரியில் ரயில் நிலையப் படிக்கட்டில் பனி அள்ளுவது யார் பொறுப்பு என்று பேசத் தொடங்கினார்கள். புஷ்பமலர் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த தன் தீர்மானத் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.