நான் பார்த்ததாகச் சொன்ன விண்கல்

நான் போர்வெல் ரிக் ஓட்டுகிறவன். ஆயிரத்து நானூறு அடி வரை துளை போட்டிருக்கிறேன். பூமியின் வயிறு எனக்குத் தெரியாதா என்ற திமிர் எப்போதும் உண்டு.

சேந்தமங்கலத்தில் எங்கள் காட்டை உழும்போது ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. காந்தம் பச்சக்கென்று ஒட்டியது. விண்கல் என்றேன். ஊரில் யாரும் நம்பவில்லை. "வானத்துலருந்து உழுந்ததை என் கண்ணால பாத்தனுங்க" என்று சேர்த்துவிட்டேன். ஒரே வாரத்தில் கல்லுக்கு மஞ்சள் பூசி, வேப்பமரத்தடியில் மேடை கட்டிவிட்டார்கள்.

கேள்விப்பட்டு நாமக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். நான் என் ஆயிரத்து நானூறு அடியைப் பற்றி அளந்தேன். அவர் சிரித்தார்.

"அது மேல்தோலுங்க. பூமிக்கு நடுவுல இரும்பும் நிக்கலும் இருக்குதுன்னு சொல்றமே, அங்க யாரு போனாங்க? உடைஞ்சுபோன குட்டிக் கோள்களோட உள்பகுதி விண்கல்லா வந்து விழுதுங்க. அதுவும் நமக்கு ஒரு சாட்சி."

பிறகு டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் கல்லை உரசினார். கறுப்பாகக் கோடு விழுந்தது. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "விண்கல் இப்படிக் கோடு போடாதுங்க. இது நம்ம சேலத்து இரும்புக்கல்லு."

சுற்றிலும் ஊரே நின்றது. என் அம்மா கையில் சூடத்தட்டு. ஆசிரியை காட்டிக்கொடுக்கவில்லை. "நீங்களே சொல்லிடுங்க" என்று வண்டியேறிவிட்டார்.

இன்னும் சொல்லவில்லை. வெள்ளிதோறும் தேங்காய் உடைப்பதும் நான்தான்.

"அண்ணா, உழுந்தப்ப நீங்கதான் பாத்தீங்களாமா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள்.

"ஆமாங்க" என்கிறேன்.

ஆயிரம் அடியில் மாட்டிக்கொண்ட இரும்பு ராடைக்கூட வெளியே எடுத்தவன் நான். தொண்டையிலிருந்து ஒரு "இல்லைங்க" மட்டும் வரமாட்டேன் என்கிறது.