தூண்டில் விழாத ஏரி

அருவிக்குக் கீழே, கார்கள் நிற்கும் இடத்தில் அட்ராக்டா தேநீர் வண்டி வைத்திருந்தாள். மழையில் நனைந்துகொண்டே படம் எடுக்க வருகிறவர்களுக்கு அருவியும் வேண்டும், ஏரியும் வேண்டும், சூடாக ஒரு கோப்பையும் வேண்டும். "என்ன அழகான இடம்! குடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள். அவள் சர்க்கரையை அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பாள். அந்த அழகான ஏரிதான் பிப்ரவரியில் அவள் கணவன் மலக்கியை விழுங்கியது. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

தேடாமல் இல்லை. முக்குளிப்பவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகும் ஊர்க்காரர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் படகெடுத்துக் கரை கரையாகத் தேடினார்கள். பெண்கள் ரொட்டியும் பன்றியிறைச்சியும் அவள் வீட்டில் கொண்டுவந்து குவித்தார்கள். மார்ச்சில் மீன்பிடி காலம் தொடங்கியும் ஒருவரும் தூண்டில் போடவில்லை. ஊர் வழக்கப்படி, மூழ்கியவன் கரை சேரும்வரை, அல்லது வீட்டுக்காரி வாய் திறந்து சொல்லும்வரை, அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கக் கூடாது. அவளிடம் அதைக் கேட்கவும் கூடாது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மலக்கியைக் கூடத்தில் கிடத்த வேண்டும், ஊர் வந்து முகம் பார்க்க வேண்டும், பிறகு அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும். அவனுடைய நல்ல கோட்டைத் தேய்த்துக் கதவில் மாட்டியிருந்தாள்.

மே பிறந்தது. வாடகைப் படகுகள் வைத்திருந்த பார்ட்லி ஒரு காலையில் வண்டிக்கு வந்தான். மலக்கியோடும் அவளோடும் ஒரே பள்ளியில் படித்தவன். அவன் படகுகள் எல்லாம் இன்னும் கரையில் கவிழ்த்தபடியே கிடந்தன.

"டீ குடிக்கிறியா?"

"வேணாம், வேணாம்."

"ஒரு வாய் குடியேன்."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"டீ விக்கிறதுதாண்டா என் பொழப்பு. புடி."

வாங்கிக்கொண்டு வானிலையைப் பேசினான். தங்கை வீட்டு ஆடுகளைப் பேசினான். அந்த ஊரில் எவன்தான் நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறான்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மீன் பிடிக்கணும். அதானே?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்க மாட்டீங்க. முன்னாடி வந்து நின்னு என்னையே சொல்ல வைப்பீங்க." கோப்பைகளைத் துடைத்தாள். சொல்லிவிட்டால் மலக்கியைக் கைவிட்டதாகிவிடும் என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். "போடுங்க. மே மாசம் தூண்டில் காயுதுன்னு தெரிஞ்சா அவனே திட்டுவான்."

சனிக்கிழமை பார்ட்லியின் முதல் படகில் டப்ளின்காரர் ஒருவர் போனார். அருவித் தண்ணீர் ஏரியில் விழும் இடத்தில், அமிழ்ந்து கிடந்த மரக்கிளைகளுக்குள் அவருடைய தூண்டில் சிக்கியது. இழுத்தார். மழைக்கோட்டின் தோளில் மாட்டி மலக்கி வந்தான். அட்ராக்டாவின் வண்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம்.

சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். தேய்த்த கோட்டை அவள் மூடியின் மேல் விரித்தாள். ஊர் வரிசையாக வந்து கை குலுக்கியது. பார்ட்லியின் முறை வந்தபோது அவள் அவன் கையை விடவில்லை.

"மார்ச்சிலயே நீ கேட்டிருந்தா, நான் அவன் மூஞ்சியைப் பாத்திருப்பேன்டா."

"கேக்கிறது முறையில்லையே, அட்ராக்டா."

"முறையில்லதான்."

அவன் நகராமல் அழுதுகொண்டே நின்றான். பின்னால் வரிசை காத்திருந்தது.

"டீ குடிக்கிறியா?" என்றாள்.

"குடு" என்றான் பார்ட்லி.